மாலத்தீவும் புது விருந்தினரும்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். முன்பின் அறியாத நிலையில் புதிதாக வந்து வாயிலில் நிற்பவரையே நம் முன்னோர் விருந்தினர் என்றனர். நாள்தோறும் வந்துபோகும் உறவினர் அச்சொல்லின் முதற்பொருளுக்குள் அடங்கார். அவ்வகையில் நோக்கினால், ஒரு தீவுக்கு முதன்முறையாக ஓய்வு நாடிச் செல்பவரே அத்தீவின் உண்மையான விருந்தினர் ஆவார்.

இந்நாளில் உயர்தர ஓய்வுப் பயணம் என்றவுடன் பலர் உள்ளத்திலும் எழும் பெயர் மாலத்தீவு. வெண்மணல், நீலக்கடல், ஆளரவமற்ற தனித்தீவு என விளம்பரப் படங்கள் காட்டும் காட்சி அது. அங்குச் செல்ல எண்ணுவோர் எந்த மாதம் செல்வது, எதில் ஏறிச் செல்வது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்னும் நான்கு வினாக்களோடு தம் திட்டத்தை முடித்துவிடுவர். இந்நான்கு வினாக்களுக்கும் உரிய விடைகள் இயற்கை மட்டும் தந்தவை அல்ல. அந்நாட்டின் வரலாறு வகுத்தவை. குறிப்பாக, 'ஆளரவமற்ற தனித்தீவு' என்பது அரசின் முடிவாலும் சட்டத்தாலும் உண்டானது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலத்தின் இயல்பு

மாலத்தீவுகள் இந்தியப் பெருங்கடலில் வடக்குத் தெற்காக ஏறத்தாழ 860 கிலோமீட்டர் நீளத்திற்குப் பரந்து கிடக்கின்றன. சிறியனவும் பெரியனவுமாக ஏறத்தாழ 1,190 தீவுகள். அவை 26 பவளத்தீவு வளையங்களாக அமைந்துள்ளன. கடலடி எரிமலைகளின் விளிம்பில் வளர்ந்த பவளப்பாறை, மலை மெல்லமெல்ல அமிழ்ந்தபோதும் மேல்நோக்கி வளர்ந்து வளையமாக எஞ்சியது என்பது 1842ஆம் ஆண்டில் சார்ல்ஸ் டார்வின் வெளியிட்ட விளக்கத்தின் சாரம். இத்தகைய வளையத்தை அந்நாட்டுத் திவேகி மொழி 'அதொளு' என்று வழங்கும். ஆங்கிலேயர் 'அடோல்' என எழுதும் சொல் இதிலிருந்தே பிறந்தது.

இத்தீவுகளின் நிலப்பரப்பில் பெரும்பகுதி கடல்மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தைக்கூட எட்டவில்லை. ஆறும் மலையும் அங்கில்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். அதுவே பழங்காலத்தில் கிணற்று நீர். ஒரு குடும்பம் இறைக்கும் அளவுக்கு அது போதும். நூறு அறைகளும் நீச்சற் குளங்களும் கொண்ட விடுதிக்குப் போதாது. ஆதலின் விடுதிகள் கடல்நீரை நன்னீராக்கும் பொறிகளை நம்பியே இயங்குகின்றன. அங்கே நாம் குளிக்கும் ஒவ்வொரு குடம் நீருக்கும் எண்ணெய் எரிகிறது என்பதை முதன்முறை செல்வோர் நினைவிற் கொள்ளல் நன்று.

விரும்பி வந்தோரும் வேண்டாது வந்தோரும்

மாலத்தீவுகள் உலகிலிருந்து ஒதுங்கிக் கிடந்தவை என்று எண்ணுவது பிழை. அவை கடல்வழிகளின் சந்தியில் கிடந்தன. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி அவன் வென்ற நாடுகளுள் ஒன்றாகப் 'பழந்தீவு பன்னீராயிரம்' என்பதைக் கூறும். அறிஞர் பலர் அதனை மாலத்தீவுகள் எனக் கொள்வர். 1153ஆம் ஆண்டில் அதுவரை பௌத்தம் நிலவிய நாடு இசுலாம் தழுவியது. மாலத்தீவின் சோழிகள் வங்காளத்திற்குச் சென்று அங்குக் காசாகவே வழங்கின. கயிறும் உலர்த்திய மீனும் பிற ஏற்றுமதிப் பொருள்கள்.

மொழியிலும் அத்தொடர்பின் சுவடுகள் உண்டு. அவர்தம் படகின் பெயர் 'தோணி'. இளந்தேங்காய்க்கு அவர்கள் சொல்லும் பெயர் 'குரும்பா'; நம் 'குரும்பை' என்னும் சொல்லை அது நினைவூட்டுகிறது. தமிழாசிரியர் ஒருவர் அங்குச் சென்றால் செவியைத் தீட்டி வைத்துக்கொள்வது பயன் தரும்.

பழங்காலத்து விருந்தினருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா. 1343ஆம் ஆண்டின் இறுதியில் அங்குச் சென்ற அவர், கதீசா என்னும் அரசி ஆண்ட காலத்தில் நீதிபதியாக அமர்ந்தார். பெண்கள் மேலாடையின்றி நடமாடுவதை மாற்ற அவர் முயன்றும் இயலவில்லை என்று அவரே எழுதியுள்ளார். மற்றவர் பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா பிரார். 1602ஆம் ஆண்டில் அவர் ஏறிவந்த கப்பல் மாலத்தீவுப் பாறையில் மோதி உடைந்தது. திரும்பிச் செல்ல இசைவு பெறாமல், 1607ஆம் ஆண்டில் வங்காளத்துப் படையினர் மாலே நகரைத் தாக்கியபோது அவர்களோடு வெளியேறும் வரையில், ஐந்தாண்டு அங்கே கழித்தார். அம்மொழியைக் கற்றுத் தாம் கண்டவற்றை நூலாக எழுதினார். 'அதொளு' என்னும் சொல்லை ஐரோப்பியருக்கு அறிமுகம் செய்தது அவர் நூலே. அவர் வந்த கப்பலின் பெயர் 'கோர்பின்'. இப்பெயர் பின்னர் மீண்டும் வரும்.

இவ்விருவர் வரலாற்றிலும் ஒரு செய்தி பொதுவாக உள்ளது. வந்தவர் ஊருக்குள் தங்கினர்; ஊராரோடு உண்டனர்; ஊர் வழக்கோடு உடன்பட்டோ முரண்பட்டோ வாழ்ந்தனர். விருந்தினருக்கெனத் தனித்தீவு ஒன்றை ஒதுக்கும் வழக்கம் அன்று இல்லை.

1972ஆம் ஆண்டின் திருப்பம்

1887 முதல் பிரிட்டிசாரின் பாதுகாப்பில் இருந்த மாலத்தீவு 1965ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் விடுதலை பெற்றது, 1968இல் குடியரசாயிற்று. வருவாய்க்கு மீனே வழி. உலர்த்திய சூரை மீனாகிய மாசியை வாங்கும் பெருஞ்சந்தை இலங்கை. 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை தன் இறக்குமதியைக் குறைத்தபோது மாலத்தீவு தத்தளித்தது. நம் சமையலறையில் சம்பலுக்கு இடிக்கும் மாசித் துண்டுக்கும் இன்றைய உல்லாச விடுதிக்கும் இடையே இவ்வாறு ஓர் உறவு உண்டு.

1960களில் அங்கு வந்த ஐக்கிய நாடுகள் குழு ஒன்று, அந்நாட்டுக்கு உல்லாசப் பயணத் தொழில் பொருந்தாது என்று கருதியது. அதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. வங்கி இல்லை, வெளிநாட்டோடு பேசத் தொலைபேசி வசதி இல்லை, ஒழுங்கான விமானப் போக்குவரத்தும் இல்லை. ஊலுலே தீவில் 1966இல் அமைந்த சிறு ஓடுதளம் ஒன்றே இருந்தது.

ஆயினும் வேறு விதமாக நடந்தது. ஜார்ஜ் கோர்பின் என்னும் இத்தாலியப் பயண முகவர், மக்கள் கால்படாத தீவுகளைத் தேடிக் கொழும்புக்கு வந்தார். அங்கு மாலத்தீவுத் தூதரகத்தில் பணியாற்றிய அகமது நசீம் என்னும் இளைஞரை 1971இல் சந்தித்து, அவருடன் மாலேவுக்குச் சென்றார். பிராரின் கப்பற்பெயரும் இவர் குடும்பப் பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயலே; எனினும் வரலாறு சில வேளைகளில் இவ்வாறு விளையாடுவதுண்டு. 1972 பிப்ரவரியில் கோர்பின் இத்தாலியர் சிலரை அழைத்து வந்தார். விடுதி ஏதும் இல்லாமையால் அவர்கள் மாலே நகரில் வீடுகளிலேயே தங்கினர். மாலத்தீவின் தற்கால உல்லாசப் பயண வரலாறு ஊர் வீட்டில்தான் தொடங்கியது என்பது கருதத்தக்கது.

அவ்வாண்டே முகம்மது உமர் மணிக்கு, உசேன் அபீப், நசீம் ஆகியோர் விகமனாபுசி என்னும் தென்னந்தோப்புத் தீவில் விடுதி எழுப்பினர். பவளக்கல் சுவர், தென்னங்கீற்றுக் கூரை, முப்பது அறைகள். 1972 அக்டோபர் 3ஆம் நாள் அது திறக்கப்பட்டது. அதன் பெயர் முன்பு நாம் கண்ட 'குரும்பா'. அவ்வாண்டு வந்த பயணிகள் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர். 2024ஆம் ஆண்டில் வந்தவர் தொகை 20 இலட்சத்தைக் கடந்தது. 2022ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி அந்நாட்டுக் குடிமக்கள் நான்கு இலட்சத்துக்கும் குறைவானவர். வீட்டாரைவிட விருந்தினர் ஐந்து மடங்கு!

ஒரு தீவு, ஒரு விடுதி

தொடக்கத்தில் வசதி கருதி அமைந்த முறையே பின்னர்க் கொள்கையாயிற்று. 1983ஆம் ஆண்டில் தொடங்கிய முதற் பெருந்திட்டம், மக்கள் குடியிராத தீவுகளிலேயே விடுதிகள் அமைய வேண்டும் என்னும் முறையை நிலைநிறுத்தியது. தீவுகள் அரசுடைமை, விடுதி நடத்துவோர் குத்தகைக்கு எடுத்தனர். கட்டடம் தீவின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது, மரங்களின் உயரத்திற்குமேல் எழலாகாது, நீரின்மேல் எவ்வளவு கட்டினாலும் நிலத்தில் அவ்வளவு இடம் விட வேண்டும் என்றெல்லாம் அக்கால விதிகள் கூறின. தென்னை உயர்ந்தும் மனை தாழ்ந்தும் தோன்றும் அக்காட்சி, முதன்முறை செல்வோர் இயற்கையெழில் என வியப்பது, பெரும்பாலும் இவ்விதிகளின் விளைவே.

நீரின்மேல் கால்நட்டு நிற்கும் குடில்களும் மாலத்தீவின் பழமை அல்ல. உல்லாச விடுதி வடிவில் அவை 1967ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாலினீசியாவின் ராயத்தேயா தீவில், நல்ல மணற்கரை இல்லாத குறையைப் போக்க, கலிபோர்னியர் மூவரால் கட்டப்பட்டவை. அங்கிருந்து பிற கடல்களுக்குப் பரவின. நீர்மேல் வீடு கட்டும் கலை நம் வட்டாரத்தில் இதற்கும் பன்னூறாண்டு மூத்தது. புருணையின் கம்போங் ஆயர் அதற்குச் சான்று.

இக்கொள்கைக்கு இரு முகங்கள் உண்டு. மது அருந்துவதும் கடற்கரை உடைகளும் ஊர் மக்களின் சமய வாழ்வோடு மோதாமல் விலக்கிவைக்க அது உதவியது. 1980களின் நடுவில் உல்லாசப் பயண வருவாய் மீன்பிடித் தொழிலின் வருவாயை விஞ்சியது. பள்ளியும் மருத்துவமனையும் எழுந்தன. இது ஒரு முகம்.

மறுமுகம் வேறு. குடியிராத தீவு என்பது வெறுந்தீவு அல்ல. பக்கத்துத் தீவினர் அங்குத் தேங்காய் பறித்தனர், விறகு எடுத்தனர், தூண்டிலுக்குரிய இரைமீன் பிடித்தனர். குத்தகை வந்தபின் அவை அவர்களுக்கு அயல் நிலம் ஆயின. 1980களில் ஊர்த்தீவுகளில் விருந்தினர் தங்கும் வழக்கமும் தடைப்பட்டது. வருவாயின் பெரும்பகுதி தலைநகரத்து வணிகர் சிலரையும் அயல்நாட்டு நிறுவனங்களையும் சேர்ந்தது. எதிரே தெரியும் விடுதியின் விளக்கொளியைப் பார்த்தவாறே, அங்கு வேலைக்காரராக அன்றிக் கால்வைக்க வழியில்லாது வாழ்ந்த தலைமுறை ஒன்று உண்டு. ஆளரவமற்ற தனிமைக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

2008இல் பல கட்சிகள் போட்டியிட்ட முதல் அதிபர் தேர்தல் நடந்தது. புதிய அரசு 2009இல் விதியைத் தளர்த்தி, மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த இசைவளித்தது. மாபுசி போன்ற தீவுகளில் மீனவக் குடும்பங்களும் அறை வாடகைக்கு விடத் தொடங்கின. 1972 பிப்ரவரியில் மாலே வீடுகளில் தொடங்கிய பழைய முறை, முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் மீண்டது எனலாம்.

திட்டமிடுவோர்க்குச் சில

இவ்வரலாற்றை உட்கொண்டு நம் நான்கு வினாக்களுக்கு விடை காண்போம்.

முதலாவது, காலம். மாலத்தீவினர் ஆண்டை 27 'நகாய்'களாகப் பகுப்பர். ஒவ்வொன்றும் 13 அல்லது 14 நாள். நகாய் என்பது நட்சத்திரம் என்பதன் திரிபு. ஏப்ரலில் வரும் அஸ்ஸிதா நம் அசுவினி, அதனையடுத்த புருனு பரணி, கெதி கார்த்திகை, ரோணு உரோகிணி. இசுலாமிய நாட்டில் இன்றும் மீனவர் கடலுக்குச் செல்ல நாள்மீன் கணக்கைப் பார்க்கின்றனர் என்பது இன்பம் தரும் செய்தி. பதினெட்டு நகாய்கள் 'உளங்கு' எனப்படும் தென்மேற்குப் பருவத்திற்கும், ஒன்பது 'இருவாய்' எனப்படும் வடகிழக்குப் பருவத்திற்கும் உரியன. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வானம் தெளிந்திருக்கும், கட்டணமும் உயர்ந்திருக்கும். மே முதல் நவம்பர் வரை மழையும் அலையும் மிகும். ஆயினும் பா வளையத்தின் அனிபரு விரிகுடாவில் மிதவை உயிர்களை உண்ண ஆனைத்திருக்கைகள் திரள்வது அப்பருவத்திலேதான். அப்பகுதி 2011இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. எதைக் காண விரும்புகிறோம் என்பதை ஒட்டியே மாதத்தைத் தேர்தல் வேண்டும்.

இரண்டாவது, ஊர்தி. மாலே விமானத்தளம் 1981 நவம்பரில் பெரிய விமானங்கள் இறங்கத்தக்க பன்னாட்டுத் தளமாயிற்று. 1990களில் நீரில் இறங்கும் சிறு விமானங்கள் வந்தபின் தொலைத்தீவுகளும் எட்டும் தொலைவாயின. அவை பகலொளியில் மட்டுமே பறக்கும். மாலைக்குப்பின் மாலேவில் இறங்குவோர் ஓர் இரவு அங்கேயே தங்க நேரிடும். அச்செலவையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். ஊர்த்தீவுகளுக்குச் செல்லும் பொதுப் படகுகள் வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலும் ஓடா. சில விடுதிகள் மாலே நேரத்திற்கு ஒரு மணி முன்னதாகத் தம் கடிகாரத்தை வைத்துள்ளன. திரும்பும் நாளில் இதனை மறவாதிருத்தல் நன்று.

மூன்றாவது, தங்குமிடம். தனிமையும் முழு வசதியும் நாடுவோர் விடுதித் தீவில் தங்கலாம். மக்களையும் மொழியையும் அறிய விரும்புவோர் ஊர்த்தீவில் தங்கலாம். இரண்டையும் இணைத்துச் சில நாள் அங்கும் சில நாள் இங்குமாகத் தங்குவது முதன்முறை செல்வோர்க்கு மிகப் பொருந்தும். ஊர்த்தீவில் மது இல்லை. கடலாடும் உடைக்கெனத் தனிக்கரை ஒதுக்கப்பட்டிருக்கும். தெருவில் அடக்கமான உடை வேண்டும். மதுவையும் பன்றி இறைச்சியையும் வழிபாட்டுச் சிலைகளையும் நாட்டிற்குள் கொண்டுவரச் சுங்கவிதி தடை செய்கிறது. பயணப்பெட்டியில் சிறு திருவுருவம் வைக்கும் வழக்கமுள்ள நம் தாய்மார்கள் இதனை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

நான்காவது, செலவு. விளம்பரத்தில் காணும் கட்டணத்தின்மேல் பணிக்கட்டணமும் வரியும் விமான அல்லது படகுச் செலவும் சேரும். 2015 நவம்பரில் விடுதிகளில் தங்குவோர்க்கு நாளொன்றுக்கு ஆறு அமெரிக்க வெள்ளி எனச் சுற்றுச்சூழல் வரி விதிக்கப்பட்டது. 2025 சனவரியில் அது பன்னிரண்டாயிற்று. இவ்வரியை எண்ணி முணுமுணுப்பதற்குமுன் மாலேவுக்கு அருகிலுள்ள திலபுசியை நினைத்துப் பார்க்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அழகிய காயலாக இருந்த அவ்விடம், தலைநகரமும் விடுதிகளும் ஒழித்த குப்பையை நிரப்பி நிரப்பியே தீவாக்கப்பட்டது. தனித்தீவின் தூய்மை, எங்கோ ஓர் அழுக்குத் தீவின்மேல் நிற்கிறது.

விருந்தினர் கடன்

1998ஆம் ஆண்டில் கடல்நீர் சூடேறியபோது மாலத்தீவுப் பவளங்கள் பெருமளவில் வெளுத்து மடிந்தன. 2016இல் மீண்டும் அவ்வாறு நேர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் எண்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பவளமே அந்நாட்டின் நிலம். பவளமே அதன் அலைகாப்பு. அதன்மேல் கால்வைத்து நிற்பவரும், ஒரு துண்டை ஒடித்துப் பைக்குள் வைப்பவரும், விருந்துக்குப் போன வீட்டின் சுவரைப் பெயர்ப்பவர் ஆவர்.

விருந்தோம்பலைப் பற்றி நம் நூல்கள் நிறையப் பேசுகின்றன. அவை பெரும்பாலும் வீட்டார் கடனையே வற்புறுத்தும். வீட்டாரைவிட விருந்தினர் மிகுந்த காலத்தில், விருந்தினர்க்கும் கடன் உண்டு என்பதை நாம் எண்ணியாக வேண்டும். அது பெரிய கடன் அன்று. வந்திருப்பது எவர் வீடு என்று தெரிந்துகொள்ளல். அவர் கையில் நம் பொருளில் ஒரு பங்கேனும் நேரே சேருமாறு ஒரு வேளை உணவையோ ஓர் இரவையோ ஊர்த்தீவில் கழித்தல். நீரையும் பவளத்தையும் சிக்கனமாகவும் மதிப்போடும் கையாளல். இவ்வளவே.

மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியரோ, பிள்ளைகளோடு செல்லும் பெற்றோரோ, புறப்படுமுன் ஒரு மாலைப்பொழுதில் தேசப்படத்தை விரித்துப் பழந்தீவு பன்னீராயிரத்தையும் தோணியையும் குரும்பாவையும் அஸ்ஸிதாவையும் அவர்களுக்குச் சொல்லலாம். அவ்வாறு செல்லும் பிள்ளை, படகோட்டியிடம் முதலில் கேட்பது விலையாக இராது. 'இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர்?' என்பதாக இருக்கும்.